ஜிகர்தண்டாக் கடைகளுக்குப் பொருந்துவது தீட்சித்–ஸ்டிக்லிட்ஸ் மாதிரியா, சாலப் வட்டமா?

முதுகலை_நாகமலை எழுதியது:

நான் பொருளியல் முதுகலை இறுதியாண்டு மாணவன். மதுரையில் நான்கு மாசி வீதிகளிலும் விளக்குத்தூண், கீழவாசல் பகுதிகளிலும் உள்ள ஜிகர்தண்டாக் கடைகளை முற்றுரிமைப் போட்டிக்கு எடுத்துக்காட்டாக வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். கடைகள் பல, புதிதாக ஒருவர் கடை போடுவதற்குப் பெரிய தடை ஏதும் இல்லை. எல்லாரும் விற்பது பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் சேர்ந்த ஒரே பானம்தான் என்றாலும், இந்தக் கடையின் ருசி அந்தக் கடையில் வராது என்பதில் குடிப்பவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ஒரு கடை 5 ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் விலகுவார்களே தவிர எல்லாரும் போய்விட மாட்டார்கள். பொருளியலாளர் எட்வர்ட் சேம்பர்லின் 1933இல் விளக்கிய சந்தை இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. விலைக்கேற்ப விற்பனை எப்படி மாறும் என்பதைக் காட்டும் தேவைக் கோடு கீழ்நோக்கிச் சரிகிறது என்று வரைந்து காட்டினால் போதாது, அது எப்படிப்பட்ட விருப்பத்திலிருந்து பிறக்கிறது என்று சமன்பாடாக எழுத வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. பெரும்பாலான கட்டுரைகள் 1977இல் தீட்சித்தும் ஸ்டிக்லிட்ஸும் தந்த மாறா மாற்று நெகிழ்ச்சி வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரு வகையை விட்டு மற்றொன்றுக்கு மாறும் எளிமை எந்த இரண்டு வகைகளுக்கிடையிலும் எப்போதும் ஒரே அளவு என்பது அதன் எடுகோள். அதில் சராசரி நுகர்வோர் ஒருவர் சந்தையில் உள்ள எல்லா வகைகளையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குகிறார். ஒரே நாளில் 20 கடைகளில் ஜிகர்தண்டா குடிக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அப்படியிருக்க, கையாளுவதற்கு எளிது என்ற காரணத்துக்காக மட்டும் இந்த மாதிரியை எடுத்துக்கொள்வது சரியா? அல்லது ஹோட்டெல்லிங், சாலப் வழியில் ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பிடம் கொடுத்து, ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டுமா? எதை எடுத்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பழைய_கரும்பலகை எழுதியது:

தம்பி, விடை ஒன்றாக வராது. அதைக் கணக்கிலேயே காட்டிவிடுகிறேன். எண்கள் எல்லாம் கணக்கு நேராக வருவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தக் கடையின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

முதலில் சாலப் 1979இல் தந்த வட்டம். நான்கு மாசி வீதிகளும் கோயிலைச் சுற்றி வருவதால் நம் ஊருக்கு இந்தப் படம் தானாகவே பொருந்துகிறது. இந்தச் சுற்றின் மீது 3,600 பேர் சீராகப் பரவி நிற்கிறார்கள், நாளுக்கு ஆளுக்கு ஒரு குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று நடக்கும் சிரமத்தைப் பணமாக மதிப்பிட்டால் 100 ரூபாய். இறுதிநிலைச் செலவு, அதாவது கூடுதலாக ஒரு குவளை தயாரிக்க ஆகும் செலவு, 30 ரூபாய். எத்தனை குவளை விற்றாலும் கடை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஆகும் மாறாச் செலவு 900 ரூபாய். கடைகள் சம இடைவெளியில் அமைந்தால், சமநிலை விலை என்பது இறுதிநிலைச் செலவுடன் நடைச்செலவைக் கடைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையைக் கூட்டியதாகும். இலாபம் தீரும்வரை புதியவர்கள் நுழைந்துகொண்டே இருந்தால் 20 கடைகளில் நிற்கும். விலை 35 ரூபாய். கடைக்கு 180 பேர், ஆளுக்கு 5 ரூபாய் மிச்சம், மொத்தம் 900 ரூபாய். மாறாச் செலவோடு சரியாகிவிட்டது.

இப்போது அதே சந்தையைத் தீட்சித்–ஸ்டிக்லிட்ஸ் கண்ணாடி போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவினம் 3,600 பேருக்கு 35 ரூபாய் வீதம் 1,26,000 ரூபாய். மாற்று நெகிழ்ச்சியான சிக்மாவை 7 என்று வைத்தால், விலை என்பது இறுதிநிலைச் செலவின் ஆறில் ஏழு பங்கு, அதாவது மறுபடியும் 35 ரூபாய். மொத்தச் செலவினத்தைச் சிக்மாவும் மாறாச் செலவும் பெருகிய தொகையால், அதாவது 6,300ஆல் வகுத்தால் மறுபடியும் 20 கடைகள். இன்றைய நிலையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டு மாதிரிகளையும் பிரித்தறிய வழியே இல்லை.

கூட்டம் 4 மடங்காகப் பெருகி அப்படியே நிலைத்துவிட்டது என்று வையுங்கள். சாலப் வட்டத்தில் கடைகள் 40 ஆகும், இரு மடங்குதான். அண்டைக் கடை நெருங்கி வந்துவிட்டதால் விலை 32 ரூபாய் 50 காசாக இறங்கும். தீட்சித்–ஸ்டிக்லிட்ஸில் கடைகள் 80 ஆகும். விலையோ அதே 35 ரூபாயில் நிற்கும். எத்தனை கடை வந்தாலும் சிக்மா மாறுவதில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டோம் அல்லவா? போட்டி கூடினாலும் விலை இறங்காது என்ற முடிவைத் தரவு சொல்லவில்லை, நாம் எடுத்துக்கொண்ட விருப்பச் சார்பு சொல்கிறது.

கடைகள் மிகையா, குறைவா என்ற கேள்வியில் பிளவு இன்னும் பெரிது. வட்டத்தில் 20 கடைகளுக்கு மாறாச் செலவு 18,000 ரூபாய், மக்களின் நடைச்செலவு 4,500 ரூபாய், ஆக 22,500. அதே மக்களுக்கு 10 கடைகள் மட்டும் இருந்தால் 9,000, 9,000, ஆக 18,000. சமூக நோக்கில் பாதிக் கடைகள் மிகை என்கிறார் சாலப். தீட்சித்–ஸ்டிக்லிட்ஸோ, எந்தக் கடையும் நட்டத்தில் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் சந்தை தரும் எண்ணிக்கையே உகந்தது என்கிறார்கள். மானியம் கொடுக்கலாம் என்றால் இன்னும் கூடுதலான கடைகள் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஒரே தெரு, ஒரே விலை, ஒரே எண்ணிக்கை. ஒருவர் பாதியை மூடு என்கிறார், மற்றவர் இன்னும் திற என்கிறார். ஆகவே எளிமையை வைத்து மாதிரியைத் தேர்ந்தெடுப்பது, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு வழக்கை விசாரிப்பது போன்றது.

20 கடைகளில் குடிக்கும் மனிதர் இல்லை என்ற உங்கள் மறுப்புக்கு மட்டும் தனி விடை உண்டு. ஆண்டர்சன், டி பால்மா, டிஸ் ஆகிய மூவரும் 1980களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கடைக்குத்தான் போகிறார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் ருசி மாறுகிறது என்று தொடங்கினாலும், மக்கள்தொகை முழுவதையும் கூட்டும்போது மாறா மாற்று நெகிழ்ச்சித் தேவை வரக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். ஆதலால் அந்த மாதிரியைத் தனிமனிதரின் பழக்கத்தை வைத்து விலக்க முடியாது. விலக்க வேண்டுமானால், ஒவ்வொரு கடைக்கும் மற்ற எல்லாக் கடைகளும் சம தூரத்துப் போட்டியாளர்கள் என்ற அதன் உள்ளெடுகோளை வைத்துத்தான் விலக்க வேண்டும்.

கடைக்கணக்கு எழுதியது:

நான் பொருளியல் படித்தவன் அல்லன். இரண்டு குளிர்பானக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஐயா போட்ட 900 ரூபாய் மாசி வீதியில் வாடகைக்கே காணாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கொடுத்த முன்பணம், மாஸ்டர் சம்பளம், ஃப்ரீசருக்கான மின்கட்டணம் எல்லாம் அதன் மேல் வரும்.

எனக்கு நெருடுவது இறுதிநிலைச் செலவு. பால் காலையிலேயே அடுப்பில் ஏறிவிடும். அது சுண்டி, நிறம் மாறி, ஆறி, குளிர்ந்து வருவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், இன்று எத்தனை குவளை போகும் என்று மாஸ்டர் விடியற்காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து கேட்கும்போது அந்தக் குவளைக்காகப் புதிதாக ஆகும் செலவு ஐஸ்கிரீமும் சர்பத்தும் மட்டுமே. பாலுக்கான பணம் ஏற்கனவே போய்விட்டது. மிஞ்சினால் அது மறுநாளைக்கு ஆகாது. ஆகவே பால் செலவு காலையில் மாறும் செலவு, மாலையில் மாறாச் செலவு. உங்கள் சமன்பாட்டில் இதற்கு இடம் உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எல்லாக் கடைகளும் சம தூரத்துப் போட்டியாளர்கள் என்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கணக்குப் பார்க்கும் கடைக்கு இரண்டு கடை தள்ளி இன்னொரு ஜிகர்தண்டாக் கடை இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு கல்யாணத்துக்காக அதைச் சில நாள்கள் பூட்டியிருந்தார்கள். அந்த நாள்களில் எங்களுக்குப் பால் மாலையிலேயே தீர்ந்துபோனது. இரண்டாவது முறை காய்ச்ச நேரமில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். எங்கள் முதலாளிக்கே மேற்கே இன்னொரு வீதியில் உள்ள கிளையில் விற்பனை எப்போதும் போலத்தான் இருந்தது. பூட்டிய கடையின் கூட்டம் ஊர் முழுவதும் சமமாகப் பிரிந்து போகவில்லை.

கீழவெளி_வீதி எழுதியது:

கணக்கர் சொன்னதோடு இந்த விவாதத்தின் தலைப்பே ஆட்டம் கண்டுவிட்டது என்பது என் கருத்து. இதைத்தான் 1930களின் நடுவிலேயே நிக்கலஸ் கால்டர் சேம்பர்லினுக்கு எதிராக எழுப்பினார். ஒரு கடை விலையைக் குறைத்தால் அதன் தாக்கம் பல போட்டியாளர்கள் மீது மெல்லிதாகப் பரவும், எனவே யாரும் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்பது சேம்பர்லினின் பெருங்குழு எடுகோள். பக்கத்து இரண்டு கடைகள் மட்டுமே வாங்கும் அடியாக அது இருந்தால், அவை பேசாமல் இரா. அப்போது நாம் பார்ப்பது சங்கிலிபோல் ஒன்றோடொன்று பின்னிய சில்லோர் முற்றுரிமைகளையே, அதாவது ஒருவரையொருவர் கவனித்து நடக்கும் சில விற்பவர்களின் சந்தைகளையே. முற்றுரிமைப் போட்டியை அன்று. சாலப் வட்டமும் உண்மையில் இந்த வகைதான்; ஒவ்வொரு கடையும் இடமும் வலமும் உள்ள இருவரோடு மட்டுமே மோதுகிறது.

வட்டம் பொருந்துகிறது என்பதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மக்கள் சுற்றிலும் சீராகப் பரவியா நிற்கிறார்கள்? துணி எடுக்க வருகிற கூட்டம் விளக்குத்தூண் பக்கம் குவிகிறது. வேறு பக்கங்களில் அந்த நெருக்கம் இல்லை. அதைவிட, ஒருவர் நடந்து கழிக்கும் தூரம் ஒரு வேறுபாடு, இனிப்பு கூடவா குறைவா என்பது வேறொரு வேறுபாடு. வீதியைச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இனிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இனிப்பில்லாத முனைக்கு வந்து சேர முடியாது. ருசிக்கு முனைகள் உள்ள நேர்கோடுதான் சரி. அங்கே முனையில் நிற்கும் கடைக்கு ஒரு பக்கம்தான் போட்டியாளர்.

எண்_வாசகி எழுதியது:

மேலே உள்ள மூன்று பதிவுகளும் ஒரே அளவையைக் கேட்கின்றன: ஒரு கடை இல்லாமல் போனால் அதன் வாடிக்கையாளர்கள் எந்தெந்தக் கடைகளுக்கு, என்ன விகிதத்தில் போகிறார்கள்? இந்த விகிதம் தெரிந்தால், எந்த விருப்ப மாதிரி பொருந்தும் என்பதை விவாதித்துத் தீர்க்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லலாம். நான் புள்ளியியல் பக்கத்திலிருந்து வருவதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

டேனியல் மெக்ஃபேடன் 1974இல் நிறுவிய லாஜிட் மாதிரியில், ஒருவர் ஒரு கடையிலிருந்து பெறும் பயன்பாட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. விலை, பாலின் திடம், நடக்கும் தூரம் போல நாம் அளக்கக்கூடியவை ஒரு பகுதி. அவருக்கு மட்டுமே உரிய, நமக்குத் தெரியாத நாட்டம் மறு பகுதி. பண்டம் என்பதைப் பண்புகளின் தொகுப்பாகப் பார்க்கும் முதல் பாதி, கெல்வின் லங்காஸ்டர் 1966இல் காட்டிய வழி. தெரியாத நாட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற எடுகோளால் கணக்கு மிக எளிதாகிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒரு கடை பூட்டப்பட்டால், அதன் வாடிக்கையாளர்கள் மீதமுள்ள கடைகளுக்கு அந்தக் கடைகளின் தற்போதைய பங்கு விகிதத்திலேயே பிரிந்து போவார்கள் என்று இந்த மாதிரி கட்டாயப்படுத்துகிறது. இரண்டு கடை தள்ளி இருப்பதும் மூன்று வீதி தள்ளி இருப்பதும் அதற்கு ஒன்றே. கணக்கர் ஐயாவின் கடையில் பால் தீர்ந்துபோனதே, அந்த ஒரு செய்தி எளிய லாஜிட்டுக்கு எதிரான சான்று. மாறா மாற்று நெகிழ்ச்சிக்கும் அதுவே எதிர்ச்சான்று. பழைய கரும்பலகை ஐயா குறிப்பிட்ட உறவினால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. ஒன்று, அடுக்கு லாஜிட்: அருகருகே உள்ள கடைகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்குள் மாற்று வலுவாகவும் குழுக்களுக்கிடையே மெலிதாகவும் இருக்க விடுவது. முதுகலை ஆய்வேட்டுக்கு இதுவே போதும். மற்றொன்று, ஸ்டீவன் பெரி, ஜேம்ஸ் லெவின்சோன், ஏரியல் பேக்ஸ் ஆகியோர் 1995இல் அமெரிக்க மகிழுந்துச் சந்தைக்குச் செய்தது போல, விலையுணர்வும் பண்புகள் மீதான நாட்டமும் ஆளுக்கு ஆள் மாறுவதாக எடுத்துக்கொள்வது. அதே மூவர் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், இந்த வண்டி கிடைக்காவிட்டால் எதை வாங்கியிருப்பீர்கள் என்று வாங்கியவர்களிடம் கேட்டுத் திரட்டிய இரண்டாம் தெரிவுத் தரவைப் பயன்படுத்தினார்கள். மாசி வீதியில் இதைக் கேட்பதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

தம்பி இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். விலையையும் விற்பனையையும் நேரடியாகத் தொடர்புபடுத்தினால், விலை கூடிய கடையில்தான் விற்பனையும் கூடுதல் என்று வரும். விலை ஏற்றினால் கூட்டம் வரும் என்பது அதன் பொருள் அன்று. நாம் அளக்காத ருசி, விலையையும் கூட்டத்தையும் சேர்த்தே உயர்த்துகிறது. விலையை மட்டும் அசைத்து ருசியை அசைக்காத ஒரு கருவி மாறி வேண்டும். பாலின் கொள்முதல் விலை முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது எல்லாக் கடைகளையும் ஒன்றாக ஏற்றி இறக்குவதால் ஒரு கடையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. வாடகை கடைக்குக் கடை மாறுகிறது, ஆனால் வாடகை கூடிய இடத்தில் கூட்டமும் கூடுதலாக இருப்பதால் அதுவும் தூய்மையான கருவி இல்லை.

கடைக்கணக்கு எழுதியது:

விலை ஏறுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயன்படலாம். யாரும் தனியாக முதலில் ஏற்றுவதற்கு விரும்புவதில்லை. பால் விலையோ சர்க்கரை விலையோ ஏறினால் ஒருவர் விலைப்பலகையை மாற்றுவார். அவர் பெரும்பாலும் பெயர் பெற்ற பழைய கடைக்காரராக இருப்பார். மற்றவர்கள் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாற்றுவார்கள். சிலர் விலையை மாற்றாமல் குவளையை மாற்றிவிடுவார்கள். பார்வைக்கு அதே உயரம், அடிப்பாகம் மட்டும் தடித்த கண்ணாடி.

பழைய_கரும்பலகை எழுதியது:

கணக்கர் சொன்ன அந்த ஒன்றிரண்டு வாரம் பொன்னான தரவு. சேம்பர்லின் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு தேவைக் கோடுகள் வரைந்தார். எல்லாரும் சேர்ந்து விலையை மாற்றினால் ஒரு கடையின் விற்பனை எப்படி மாறும் என்பதை ஒன்று காட்டும், அது செங்குத்தானது. மற்றவர்கள் அசையாமல் இருக்கத் தான் மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை மற்றொன்று காட்டும், அது தட்டையானது. ஆண்டு முழுவதற்குமான விலையையும் விற்பனையையும் வைத்து மதிப்பிட்டால், விலைகள் சேர்ந்தே நகர்வதால் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதற்கோடு. அதை வைத்துக்கொண்டு இந்தக் கடைகளுக்கு மாற்று நெகிழ்ச்சி மிகக் குறைவு என்று எழுதினால் தவறாகிவிடும். ஒருவர் பலகையை மாற்றிவிட்டு மற்றவர்கள் பொறுத்திருக்கும் இடைவெளியில் மட்டுமே இரண்டாவது கோடு கண்ணுக்குத் தெரிகிறது.

கீழவெளி வீதியாரின் கால்டர் வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். அண்டைக் கடை விழித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் முற்றுரிமைப் போட்டியின் சாரம் இரண்டு கூறுகளில் இருக்கிறது: தேவைக் கோடு சரிவானது என்பது ஒன்று, தடையற்ற நுழைவால் மிகை இலாபம் கரைகிறது என்பது மற்றொன்று. பக்கத்துக் கடையோடு சிறு சண்டை நடந்தாலும் இரண்டும் நிற்கின்றன. தடையற்ற நுழைவு நீண்டகாலத்தில் சராசரிச் செலவுக் கோட்டின் இறங்குமுகப் பகுதியில் தேவைக் கோட்டைத் தொட வைக்கிறது, அதாவது கடை தன்னால் இயன்றதைவிடக் குறைவாகவே விற்கிறது. அதனால்தான் பிற்பகல் மூன்று மணிக்கு மாஸ்டர் ஈ ஓட்டுகிறார். அந்த மிகைத் திறனை வீண் என்று சொல்வதற்குச் சேம்பர்லின் மறுத்தார். மக்கள் வேறுபாட்டை விரும்பினால் அதற்கு அவர்கள் தரும் விலை அது என்பது அவர் நிலைப்பாடு. வணிகச் சின்னப் பாதுகாப்பு மட்டும் மற்றவர் நகலெடுப்பதைத் தடுத்து முற்றுரிமைக் கூறை வளர்க்கிறது என்று அவர் கருதினார். நம் ஊரில் ‘ஒரிஜினல்’ என்றும் ‘அசல்’ என்றும் பலகைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருந்தால் அவர் ஓர் இயல் கூடுதலாக எழுதியிருப்பார்.

காலைப் பால் பற்றிய கேள்விக்கு இடம் உண்டு. அது கொள்ளளவை முதலில் முடிவு செய்து, விலையைப் பின்னர் முடிவு செய்யும் வகை. இந்த ஆய்வேட்டுக்கு அது தேவையில்லை. நாள் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணிமூல_வாசி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடைகள் விலகி நின்றால்தான் இலாபம் என்று வட்டமும் கோடும் சொல்கின்றன என்றால், தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் ஏன் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன? ஹோட்டெல்லிங் 1929இல் சொன்னதுபோல் எல்லாரும் நடுவுக்கு வருவதாலா? அங்கே தங்கத்தின் அன்றைய விலை எல்லாப் பலகைகளிலும் ஒன்றுதான். வேறுபாடு செய்கூலியிலும் சேதாரத்திலும் வடிவமைப்பிலும் மட்டுமே இருக்கிறது.

எண்_வாசகி எழுதியது:

ஹோட்டெல்லிங்கின் நடுவுக்கு நகரும் முடிவு, விலையும் சேர்ந்து போட்டியிடும்போது நிற்பதில்லை என்று 1979இல் டாஸ்ப்ரெமோன், கப்ஷேவிச், டிஸ் காட்டினார்கள். இரண்டு கடைகள் மிக அருகில் வந்தால் விலைச் சண்டையில் இலாபம் கரைந்துவிடும். தூரத்தின் சிரமம் தூரத்தின் வர்க்கமாகப் பெருகுவதாக வைத்தால், இருவரும் இரு முனைகளுக்கே ஓடுவார்கள். ஆகவே நகைக்கடை வீதிக்கு ஹோட்டெல்லிங் விடையாக மாட்டார். அங்கே வாங்குபவருக்கு எந்தக் கடையில் தனக்குப் பிடித்த நகை இருக்கிறது என்பது வரும்போது தெரியாது, தேடிப் பார்க்க வேண்டும். கடைகள் அருகருகே இருக்கும் வீதிக்கு வந்தால் ஒரே நடையில் பல கடைகளைப் பார்க்கலாம் என்பதால் கூட்டம் அங்கே வருகிறது. விலைச் சண்டையால் இழப்பதைவிடக் கூடுதல் கூட்டத்தால் கடைகள் பெறுவது அதிகம். ஜிகர்தண்டா குடிப்பவர் அப்படித் தேடுவதில்லை. எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார், அல்லது எது அருகில் இருக்கிறதோ அங்கே நின்றுவிடுகிறார்.

நகையில் இன்னொரு பாடமும் உண்டு. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. தூய்மை என்பது செங்குத்து வேறுபாடு. விலை ஒன்றாக இருந்தால் எல்லாரும் கூடிய தூய்மையையே கேட்பார்கள். அந்த ஐயத்தை முத்திரை தீர்த்துவிட்டால் மிஞ்சுவது வடிவமைப்பு போன்ற கிடைமட்ட வேறுபாடு. அங்கே யாருக்கு எது பிடிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்த இரண்டு வகைகளையும் ஒரே மாறியில் திணிக்கக்கூடாது. ஜிகர்தண்டாவில் பாசந்தி சேர்ந்த ஸ்பெஷல் குவளை செங்குத்து வேறுபாடு, சர்பத் கூடவா குறைவா என்பது கிடைமட்ட வேறுபாடு.

ஒப்பிட்டுப் பார்க்க மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைக் கூடச் சேர்க்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர் மல்லியிலிருந்து அது வேறுபட்டது என்பதை அந்தக் குறியீடு காக்கிறது. ஆனால் திருமங்கலத்திலிருந்து பூ கொண்டுவரும் ஒரு விவசாயியின் மல்லிக்கும் அடுத்தவரின் மல்லிக்கும் அது வேறுபாடு எதையும் தருவதில்லை. அவர் அன்றைய விலைக்கு விற்றாக வேண்டும். வேறுபாடு ஊருக்கு இருக்கிறது, விற்பவருக்கு இல்லை.

முதுகலை_நாகமலை எழுதியது:

ஐயா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டபடி அடுக்கு லாஜிட்டை முதன்மை மாதிரியாக வைத்து, பழைய கரும்பலகை ஐயாவின் இரட்டைக் கணக்கைத் தனி இயலாகக் கொடுக்கலாம். வட்டத்தில் எண்ணிக்கை கூடும்போது விலை இறங்குகிறது, தீட்சித்–ஸ்டிக்லிட்ஸில் நிலையாக நிற்கிறது. லாஜிட்டில் என்ன ஆகும்? கடைகளை எப்படிக் குழுவாக்குவது, வீதி வாரியாகவா, பெயர் வாரியாகவா? ஒரே பெயரில் பல கிளைகள் இருக்கின்றனவே.

எண்_வாசகி எழுதியது:

எளிய லாஜிட்டில் கடைகள் ஒரே தரத்தவையாக இருந்து, எல்லாரும் ஏதோ ஒரு கடையில் குடித்தே தீருவார்கள் என்று வைத்தால், செலவுக்கு மேலான மிச்சம் என்பது ருசி வேறுபாட்டின் அளவைக் கடைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எண்ணிக்கையில் ஒன்று குறைத்ததால் வகுத்து வருவது. இரண்டு கடைகள் இருந்தால் அது ருசி அளவின் இரு மடங்கு, 20 கடைகள் இருந்தால் ஏறக்குறைய அதே அளவு. தொடக்கத்தில் வேகமாக இறங்கிப் பிறகு தரைதட்டி நிற்கும், சுழிக்குப் போகாது. ஆகவே இது வட்டத்துக்கும் தீட்சித்–ஸ்டிக்லிட்ஸுக்கும் இடைப்பட்டது. சாலப் மாதிரியில் புதிய கடை ஏற்கனவே உள்ள இரண்டு கடைகளின் நடுவில் வந்து நெருக்குகிறது. லாஜிட்டில் ஒவ்வொரு புதிய கடையும் தனக்கென ஒரு புதிய ருசித் திசையையே கொண்டுவருகிறது. மாசி வீதியில் புதிதாக வரும் கடை எதைச் செய்கிறது என்பதுதான் நீங்கள் கண்டறிய வேண்டியது.

குழுவாக்கத்தை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். இரண்டாம் தெரிவுத் தரவு வந்த பிறகு, முதற்கடையும் இரண்டாம் கடையும் ஒரே வீதியில் இருப்பவர்கள் எத்தனை பேர், ஒரே பெயருள்ள வேறு கிளைக்குப் போவதாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். எது ஓங்கி நிற்கிறதோ அதுவே குழு. ஒரே முதலாளியின் கிளைகளைத் தனித்தனி நிறுவனங்களாக எண்ணாதீர்கள். ஒரு கிளையில் விலை ஏற்றும்போது விலகுபவர் மற்றொரு கிளைக்கே போனால் முதலாளிக்கு இழப்பில்லை என்பதால் விலை நிர்ணயமே மாறிவிடும்.

கேள்வி இப்படி இருக்கலாம்: “இந்தக் கடை இன்று பூட்டியிருந்தால் நீங்கள் எங்கே போயிருப்பீர்கள்?” விடைகளில் மற்ற ஜிகர்தண்டாக் கடைகளோடு, பருத்திப்பால், கரும்புச் சாறு, எதுவும் குடிக்காமல் போயிருப்பேன் ஆகியவையும் கட்டாயம் இருக்க வேண்டும். வெளி மாற்று இல்லாத மாதிரியில் எல்லாக் கடைகளும் சேர்ந்து விலையை இரட்டிப்பாக்கினாலும் ஒரு குவளைகூடக் குறையாது.

கடைக்கணக்கு எழுதியது:

கேள்வியை வரிசையில் நிற்கும்போதே கேளுங்கள், தம்பி. குவளை கைக்கு வந்த பிறகு கேட்டால், வேறெங்கும் போக மாட்டேன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஞாயிறு மாலையை மட்டும் எடுக்காமல் வேலைநாள் பிற்பகலையும் எடுங்கள். இரண்டு நேரத்திலும் வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். துணி எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்குக் கேள்விப்பட்ட ஒரு கடைப் பெயருக்கு அப்பால் இரண்டாவது பெயர் தெரியாது, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதையும் விடைத்தாளில் ஒரு கட்டமாகப் போட்டுவிடுங்கள். கேட்பதற்கு முன் கடை முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. போட்டிக் கடையின் பெயரைத் தன் வாசலில் நின்று எழுதுகிறவரை யாருக்கும் பிடிக்காது.